பிழைத்தல்

தமிழில் 'பிழைத்தல்' என்னும் வினைக்கு மூன்று பொருள்கள் உள்ளன. பழைய நூல்களில் அது தவறுசெய்தல், குறி தவறுதல். பேச்சு வழக்கில் சாவிலிருந்து தப்புதல். 'பிழைப்பு' என்று பெயராகும்போது அன்றாட வாழ்வு, வயிற்றுப்பாடு. 'தப்பு' என்பதும் 'தப்பினான்' என்பதும் இப்படியே உடன்பிறந்தவை. வகுப்பில் இச்சொல் வரும்போதெல்லாம், கூற்றுவன் வீசிய கயிறு குறி பிழைத்தது, ஆகவே ஆள் பிழைத்தான் என்று விளக்குவது நமது வழக்கம். மாணவர்கள் சிரிப்பார்கள், குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், மதுரை மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாங்கள் பதினோரு நாட்கள் காத்திருந்தோம். அந்நாட்களில் அந்த ஒரு வினையைத்தான் அதிகம் கேட்டோம். "பிழைச்சிருவாரா?" என்று உறவினர் தொலைபேசியில் கேட்டார்கள். நாங்கள் மருத்துவரிடம் கேட்டோம். அடுத்த நாற்காலியில் இருந்தவர்கள் தங்கள் பிள்ளைக்காகக் கேட்டார்கள். எல்லோரும் இரண்டாம் பொருளில் கேட்டோம். மருத்துவர்களும் இரண்டாம் பொருளிலேயே விடை சொன்னார்கள். மூன்றாம் பொருளில் யாரும் கேட்கவில்லை. எழுந்து நடமாடி, பேசி, தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் மனிதராக அவர் திரும்புவாரா என்பது அந்தக் கேள்வி. தலைக்காயத்திற்கு அறுவையா மருந்தா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இந்த மூன்றாம் பொருள்தான் முதலில் வரவேண்டும் என்று இன்று நாங்கள் நினைக்கிறோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

*

அடிபட்டவர் எங்கள் தாய்மாமன். வயது 56. சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உரக்கடை வைத்திருந்தார். கடையில் வியாபாரத்தைவிடப் பேச்சுதான் அதிகம் நடக்கும் என்று அத்தை குறைப்படுவார். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு மொபெட்டில் வந்தவருக்கு நாய் குறுக்கே பாய்ந்தது. தலைக்கவசம் இல்லை. தலையின் பின்புறம் சாலையில் மோதியது. அடி விழுந்த இடத்தைவிட எதிர்ப்புறத்தில்தான் மூளை அதிகமாக நசுங்கியிருந்தது. ஓடுகிற பேருந்து சட்டென்று நின்றால் உள்ளிருப்பவர் முன்னால் போய் மோதுவதைப் போல, மண்டையோடு நின்ற பிறகும் மூளை நகர்ந்து மறுசுவரில் மோதிக்கொள்கிறது. தலைக்காயங்களில் இது மிகவும் சாதாரணம் என்றார்கள்.

நான்கு மணி நேரம் கழித்து மதுரைக்குக் கொண்டுவந்தபோது அவர் கண்ணைத் திறந்து மூடினார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒற்றைச் சொற்களைச் சொன்னார். இதை மருத்துவர்கள் எண்ணாக்குகிறார்கள். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்களான டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974இல் வகுத்த அளவுகோல் அது. கண் திறத்தலுக்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, உடல் அசைவுக்கு 6 வரை மதிப்பெண். முழு மதிப்பெண் 15. எதுவுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு, பூஜ்யம் கிடையாது. மாமாவுக்குக் கண் 3, பேச்சு 3, அசைவு 6. மொத்தம் 12.

சி.டி. ஸ்கேனில் இடப்பக்கப் பொட்டுப் பகுதியில் மூளைத்திசு நசுங்கி, அதற்குள் இரத்தம் கசிந்திருந்தது. ஏறத்தாழ 22 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டார்கள். மூளையின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் விலகியிருந்தது. அறுவை மருத்துவர் இளைஞர், பொறுமையாகப் பேசினார். "ரெண்டு வழி இருக்கு. இப்பவே திறந்து ரத்தக்கட்டை எடுக்கலாம். இல்லன்னா மருந்து குடுத்து மணிக்கு மணி கவனிக்கலாம், மோசமானா திறக்கலாம். ரெண்டுமே சரியான வைத்தியம்தான். நீங்க பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். படிவத்தை மேசையில் வைத்தார். இரவு மணி பதினொன்றரை.

*

ஏன் இரண்டும் சரியான வைத்தியமாக இருக்க முடியும் என்பது அன்று எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

வளர்ந்த மனிதனின் மண்டையோடு மூடிய பெட்டி. அதற்குள் மூளைத்திசு, இரத்தம், மூளைத்தண்டுவட நீர் என்னும் மூன்றுமே உண்டு. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். குறைய முடியாதபோது உள்ளழுத்தம் ஏறும். ஸ்காட்லாந்தின் மன்றோ 1783இலும் கெல்லி 1824இலும் சொன்ன எளிய கணக்கு இது. இன்றும் தலைக்காய வைத்தியம் முழுவதும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. கசிவும் வீக்கமும் முதலில் நீரை வெளியே தள்ளும். அடுத்துச் சிரை இரத்தத்தைத் தள்ளும். இரண்டும் தீர்ந்தபின் மூளையையே அடிப்பகுதித் துளையை நோக்கித் தள்ளும். அங்கே மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் தண்டுப்பகுதி இருக்கிறது. அது நசுங்கினால் முடிந்தது.

எனவே வைத்தியம் இரண்டே வகை. பெட்டிக்குள் இருப்பதைச் சுருக்கலாம்: தலையை முப்பது பாகை உயர்த்தி வைத்தல், மானிட்டால் அல்லது அடர் உப்புநீர் ஏற்றி மூளையின் நீரை இழுத்தல், ஆழ்ந்த மயக்கத்தில் வைத்தல். அல்லது பெட்டியைத் திறக்கலாம்: இரத்தக்கட்டை எடுத்தல், அல்லது ஓட்டின் ஒரு பெரிய துண்டையே கழற்றி வைத்து மூளைக்கு வீங்க இடம் கொடுத்தல்.

சில காயங்களில் தேர்வே கிடையாது. ஓட்டுக்கும் வெளியுறைக்கும் நடுவே தமனி கிழிந்து தேங்கும் இரத்தம் 30 மில்லிலிட்டரைத் தாண்டினால் திறந்தே ஆகவேண்டும் என்று 2006இல் வெளியான அமெரிக்க அறுவை நெறிமுறைகள் சொல்கின்றன. அங்கே தாமதம்தான் கொல்லும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசிவிட்டுச் சில மணி நேரத்தில் சாய்வது பெரும்பாலும் இவ்வகைதான். திசுவுக்குள்ளேயே கலந்த கசிவோ வேறு. அதை எடுக்கப் போனால் நசுங்கியும் உயிரோடிருக்கும் திசுவையும் சேர்த்தே எடுக்க நேரலாம். வலக்கைக்காரரின் இடப்பொட்டுப் பகுதியில் பெரும்பாலும் மொழி குடியிருக்கிறது. அதே நெறிமுறைகள் இவ்வகைக்கு 50 மில்லிலிட்டர் என்றோ, நெற்றி, பொட்டுப் பகுதியானால் 20க்கு மேல் இருந்து நடுக்கோடு 5 மில்லிமீட்டராவது விலகி, கிளாஸ்கோ எண் 6 முதல் 8 வரை இறங்கியிருந்தால் என்றோ எல்லை வகுக்கின்றன. மாமா அந்தக் கோட்டின் இந்தப் பக்கம், மிக அருகில் இருந்தார்.

கோட்டருகே இருப்பவர்களை என்ன செய்வது என்று அறியத் தொடங்கிய ஓர் ஆய்வு உண்டு. 840 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, பல நாடுகளில் 170 பேரைச் சேர்த்த நிலையில் நிதி அளித்த பிரிட்டிஷ் அமைப்பால் நிறுத்தப்பட்டது. காரணம், அந்த நாட்டில் போதிய நோயாளிகள் சேரவில்லை என்பது. 2015இல் வெளிவந்த அதன் முடிவில், ஆறு மாதத்திற்குள் இறந்தவர் உடனே அறுவை செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 15. முதலில் மருந்தோடு காத்திருந்தவர்களில் 33. ஆயினும் நல்ல நிலைக்குத் திரும்பியவர்களின் கணக்கில் வேறுபாடு உறுதிப்படவில்லை. பாதியில் நின்ற ஆய்வை முழுத் தீர்ப்பாகக் கொள்ளவும் முடியாது, புறக்கணிக்கவும் முடியாது. அந்த இளம் மருத்துவர் 'இரண்டுமே சரி' என்றபோது நழுவவில்லை. அறிவு நின்ற இடத்தில் அவரும் நின்றார், அவ்வளவே.

*

அன்றிரவு எங்களுக்குள் நடந்தது வேறொரு விவாதம். எங்கள் அம்மா மாமாவுக்கு மூத்தவர். "தலையில கத்தி வச்சா ஆளு பழைய ஆளா வரமாட்டான். மருந்து குடுக்கச் சொல்லுங்க" என்றார். சார்ஜாவிலிருந்த மாமா மகன் தொலைபேசியில் அழுதுகொண்டே, "ஒரு நிமிஷம்கூட தாமதிக்காதீங்க. என்ன ஆனாலும் எனக்கு அப்பா வேணும்" என்றான். அத்தை ஒன்றும் பேசாமல் மாமாவின் சட்டைப் பையிலிருந்த கடைச்சாவியைக் கையில் வைத்திருந்தார்.

இவ்விரண்டு பேச்சுக்குள்ளும் ஊரின் பொதுநம்பிக்கைகள் இரண்டு இருக்கின்றன. கத்தி என்றால் ஆபத்து, மருந்து என்றால் பாதுகாப்பு என்பது ஒன்று. தலைக்காயத்தில் மருந்தின் வரலாறு இதற்குச் சான்று சொல்லாது. வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டீராய்டு மருந்தைத் தலைக்காயக்காரர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். 2004இல் 10,008 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர் நூற்றுக்கு 21, பெறாதவர்களில் 18. கத்தியே படாமல் அத்தனை காலம் மருந்து செய்துவந்த கேடு அது.

கவனித்தல் என்பதும் கையைக் கட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு செவிலியப் பெண் மணிக்கொருமுறை மாமாவின் கண்ணிமையைத் தூக்கி டார்ச் விளக்கு அடித்துப் பாவை சுருங்குகிறதா என்று பார்த்தார். "ஐயா, கையத் தூக்குங்க" என்று உரக்கச் சொன்னார். தாளில் எண்ணெழுதினார். உள்ளழுத்தத்தை அளக்கும் கருவி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பொலிவியாவிலும் எக்வடோரிலும் 324 பேரை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், கருவியை நம்பிச் செய்த வைத்தியமும் ஸ்கேனையும் உடற்பரிசோதனையையும் நம்பிச் செய்த வைத்தியமும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. அந்தச் செவிலியப் பெண்ணின் டார்ச் விளக்கைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த ஆய்வும் நினைவுக்கு வருகிறது.

மற்ற நம்பிக்கை, அறுவை உயிரைக் காக்கும், உயிர் இருந்தால் மற்றவை தானே வரும் என்பது. இதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஓட்டைக் கழற்றி வைக்கும் அறுவையைப் பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் உள்ளன. ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்டு நடந்து 2011இல் வெளியானது முதலாவது, 155 பேர். அழுத்தம் சற்றே ஏறியவுடன் ஓட்டைக் கழற்றினார்கள். அழுத்தம் இறங்கியது. இறப்பு இருபுறமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மோசமான நிலையில் எஞ்சியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 70, மருந்துப் பிரிவில் 51. தொடக்கத்திலேயே அறுவைப் பிரிவில் கண்பாவை அசையாதவர்கள் அதிகம் இருந்தார்கள் என்பதைக் கணக்கில் கொண்டால் அந்த வேறுபாடு உறுதி குறைகிறது. ஆயினும், அழுத்தமானி காட்டும் எண் இறங்கினால் மனிதன் தேறிவிட்டான் என்று சொல்ல முடியாது என்பது அன்று தெளிவாயிற்று.

இரண்டாவது, கேம்பிரிட்ஜிலிருந்து நடத்தப்பட்டு 2016இல் வெளியானது; 408 பேர். இங்கே மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு, கடைசி வழியாக ஓட்டைக் கழற்றினார்கள். ஆறு மாத முடிவில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 49 பேர் இறந்தார்கள். அறுவைப் பிரிவில் 27 பேர். அதாவது நூற்றுக்கு 22 உயிர்கள் மிச்சம். அந்த இருபத்திரண்டு பேரும் எந்த நிலையில் இருந்தார்கள்? ஆறு பேர் கண் விழித்திருந்தும் தன்னையோ பிறரையோ அறியாத நிலை. எட்டுப் பேர் எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை. எட்டுப் பேர் வீட்டுக்குள்ளாவது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலை, அல்லது அதற்கும் மேல்.

மீண்டும் சொல்வோம்: ஆறு, எட்டு, எட்டு. இந்த மூன்று எண்கள்தான் படிவத்தில் கையெழுத்திடுபவர் முன் வைக்கப்பட வேண்டியவை. எட்டுப் பேரில் ஒருவராக வருவார் என்று நம்பிக் கையெழுத்திடுகிறோம். ஆறு பேரில் ஒருவராகவும் வரலாம். இரண்டையும் தாங்க ஆயத்தமா என்பது மருத்துவ நூலில் விடையுள்ள கேள்வி அன்று. அடிபட்டவர் எதை வாழ்வு என்று எண்ணினார் என்பதில்தான் அதன் விடை இருக்கிறது. அவரோ பேச முடியாமல் கிடக்கிறார்.

*

மறுநாள் காலை மாமாவின் நிலையில் மாற்றமில்லை. ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ஸ்கேனில் கசிவு 28 மில்லிலிட்டராகியிருந்தது. முதல் இரண்டு நாட்களில் இவ்வகைக் கசிவு பெருகுவது வழக்கம் என்றார் மருத்துவர். இந்த எண்களை, எங்கள் வற்புறுத்தலின் பேரில், ஒரு தாளின் பின்புறம் கோடுகளாக வரைந்து காட்டியவர் அவர்தான். நூறு கோடுகள் வரைந்து, சிலவற்றை அடித்தார். "இவங்க யாருமே உங்க மாமா கிடையாது. வெளியில இருந்து பாக்கும்போது நூறு பேர், உங்களுக்கு ஒரே ஆள்" என்றும் சொன்னார்.

அதன்பிறகுதான், மாமா எதை விரும்புவார் என்று பேசத் தொடங்கினோம். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாமாவை நினைவில் வைத்திருந்தோம். ஆச்சி பக்கவாதத்தில் நான்கு ஆண்டுகள் கிடந்தபோது, "எனக்கு இப்படி வரக்கூடாது சாமி" என்று அவர் சொன்னதை ஒருவர் நினைவூட்டினார். அதே ஆச்சியைத் தினமும் தூக்கி வெயிலில் உட்காரவைத்து, ஊர்க்கதை சொல்லி, அவர் முகத்தில் சிரிப்பு வந்தால் அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தவரும் அவர்தானே என்றார் மற்றொருவர். இரண்டும் உண்மை. மனிதர்கள் நலமாக இருக்கும்போது சொல்வதும், நோயில் பழகிய பிறகு ஏற்பதும் வேறுவேறாக இருக்கலாம். ஆகவே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஓர் உயிருக்குத் தீர்ப்பெழுத முடியாது.

முடிவு அத்தையிடமிருந்து வந்தது. "கை காலு போனா நான் பாத்துக்கிடுவேன். பேச்சுல கொஞ்சம் போனாலும் சரி. ஆனா அவுகளுக்கு எதிர இருக்கது யாருன்னு தெரியணும். அதுக்கு வழி இருக்க வரைக்கும் பாருங்க. இப்ப கையத் தூக்குதாக, சொன்னது கேக்குது. அது இருக்க வரைக்கும் மருந்துல ஓடட்டும். அது போகுறதுக்கு முன்ன திறந்துருங்க."

மருத்துவர் தலையசைத்தார். நாங்கள் இரவெல்லாம் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திய இரண்டு வழிகளையும் அத்தை வரிசையாக வைத்துவிட்டார். உடனே எல்லைகள் குறிக்கப்பட்டன: கிளாஸ்கோ எண்ணில் இரண்டு இறங்கினால், ஒரு கண்பாவை விரிந்தால், ஸ்கேனில் விலகல் கூடி உணர்வும் மங்கினால், எங்களைத் தேடிக் காத்திராமல் அறுவை அரங்குக்குக் கொண்டுபோகலாம். அதற்கான ஒப்புதலில் அத்தை பகல் வெளிச்சத்தில், தெளிந்த மனத்தோடு கையெழுத்திட்டார். இரத்தமும் முன்கூட்டியே ஏற்பாடாயிற்று.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் நாட்டில் 'அறுவையா மருந்தா' என்ற கேள்விக்குப் பின்னால் 'எவ்வளவு ஆகும்' என்ற கேள்வி எப்போதும் நிற்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை, இலவசமாக்கியது. அந்த நாற்பத்தெட்டு மணி நேரம் எங்களுக்கு வைத்தியத்தோடு, பணத்தை நினையாமல் யோசிக்கும் அவகாசத்தையும் தந்தது.

*

தேரையர் என்ற சித்தருக்கு அப்பெயர் வந்த கதை பலரும் அறிந்தது. ஓர் அரசனுக்குத் தீராத தலைவலி. அகத்தியர் கபாலத்தைத் திறக்கிறார். உள்ளே மூளையைப் பற்றியபடி ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. பிடித்து இழுத்தால் மூளை கிழியும். குருவே திகைத்து நிற்கையில் உடனிருந்த மாணவன் ஒரு பாத்திரத்தில் நீர் கொண்டுவந்து காட்ட, தேரை தானாகவே நீருக்குள் குதிக்கிறது. அந்த மாணவனே தேரையர்.

இதை நெடுங்காலம் நம் முன்னோரின் அறுவைத் திறனுக்குச் சான்றாகச் சிலர் பேசிவந்தார்கள். வெறும் கட்டுக்கதை என்று சிலர் தள்ளினார்கள். அந்தப் பதினோரு நாட்களுக்குப் பிறகு கதை நமக்கு வேறுமாதிரி தெரிகிறது. கதையைப் படைத்தவர் திறப்பதையும் சொல்கிறார். திறந்தபின் இழுக்காமல் நிற்பதையும் சொல்கிறார். குருவின் கத்தியும் மாணவனின் நீர்ப்பாத்திரமும் சேர்ந்தே அரசன் தேறுகிறான். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் முடிவில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்று நான்கு கூறாக வைத்தியத்தைப் பகுக்கிறார். உடனிருப்பவர் பார்வையாளர் அல்லர், வைத்தியத்தில் கால்பங்கு. அத்தை சொன்னதைக் கேட்டபிறகு அந்த நான்காம் கூறின் எடை புரிந்தது.

நவீன நரம்பு அறுவை நமக்கு அப்படியொன்றும் பழையதன்று. வேலூரில் 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கிய துறையே இந்தியாவில் முதலாவது. அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். தலைக்குள் இரத்தம் எங்கே தேங்கியிருக்கிறது என்று காட்டும் சி.டி. ஸ்கேன் எழுபதுகளில்தான் உலகுக்கே வந்தது. எங்கள் தாத்தா காலத்தில் இந்தத் தேர்வே கிடையாது. தேர்வு வந்த பிறகுதான் தேர்பவரின் துயரமும் வந்தது.

*

இரண்டாம் நாள் நள்ளிரவுக்குப் பின் மாமா கையைத் தூக்கவில்லை. கிள்ளினால் மட்டும் அந்தக் கையைத் தட்டிவிட்டார். எண் 9. ஸ்கேனில் 38 மில்லிலிட்டர். நடுக்கோடு 8 மில்லிமீட்டர் விலகியிருந்தது. நாங்கள் படியேறி வருவதற்குள் அவர் அரங்குக்குள் போய்விட்டார். கட்டை எடுத்தார்கள். மூளை வீங்கியிருந்ததால் ஓட்டுத் துண்டைத் திரும்ப வைக்கவில்லை. அது கெடாதிருக்க அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். மண்டையோட்டை வயிற்றில் சுமந்துகொண்டு ஒரு மனிதர் மூன்று மாதம் வாழ்ந்ததை ஊரில் இன்றும் அதிசயமாகப் பேசுகிறார்கள்.

ஒன்பதாம் நாள் கண்ணைத் திறந்தவர் அத்தையைப் பார்த்தார். பார்வை அத்தை போகும் இடமெல்லாம் போயிற்று. சொல் வரவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த முதல் சொல் 'சாவி'. கடைச்சாவியைக் கேட்கிறார் என்று கொடுத்தோம், தள்ளிவிட்டார். அவர் கேட்டது தண்ணீர். இடப்பொட்டு இழந்ததை அன்று கண்டோம். தண்ணீருக்குச் சாவி, அம்மாவுக்கு மூட்டை, சோற்றுக்குத் திங்கட்கிழமை. ஆனால் ஒன்று, இரண்டு என்று தொடங்கிவைத்தால் இருபது வரை தடையின்றிச் சொல்வார். சிறுவயதில் பாடிய தேவாரத்தைப் பிறழாமல் பாடுவார். பாடி முடித்ததும் மீண்டும் தண்ணீருக்குச் சாவி. பழகித் தடம் பதிந்த மொழியும் தேடி எடுத்துப் பேசும் மொழியும் மூளையில் ஒரே அறையில் இல்லை என்று பேச்சுப்பயிற்சியாளர் விளக்கினார். மொழியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது பெரிய பாடம்.

முன்பு சொன்ன கேம்பிரிட்ஜ் ஆய்வின் இரண்டாண்டு முடிவுகள் 2022இல் வந்தன. அறுவைக்குப் பின் எஞ்சியவர்கள் ஆறு மாதத்தோடு நின்றுவிடாமல் மேலும் தேறும் வாய்ப்பு மிகுதி என்று அவை சொல்லின. மாமாவும் அப்படித்தான் தேறினார். ஓட்டைத் திரும்பப் பொருத்தினார்கள். வலக்கால் சற்று இழுக்கிறது. கடைக்குப் போகிறார், கணக்கை அத்தை பார்க்கிறார். வாக்கியம் நடுவில் நின்றுவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது, கோபம் வரும். காத்திருந்தால் அவரே கண்டுபிடித்துவிடுவார்.

முதல் இரவே திறந்திருந்தால் சொற்கள் மிஞ்சியிருக்குமா, அல்லது இன்னும் போயிருக்குமா? மாமா மகன் இதை ஒருமுறை கேட்டான். ஒரு மனிதன் ஒரு வழியில்தான் போகிறான். போகாத வழியில் என்ன இருந்தது என்பதை அவனுக்கு யாரும் சொல்ல முடியாது. நூறு கோடுகள் வரைந்த அந்த மருத்துவரும் அதைத்தான் சொன்னார். எங்களுக்கு அதில் ஆறுதலும் உண்டு.

இதை வாசிப்பவர்களில் யாருக்கேனும் அந்த நாற்காலி வாய்க்குமானால், நாங்கள் கற்ற நான்கு கேள்விகளைக் கொடுத்துச் செல்கிறோம். இது உடனே திறந்தே ஆகவேண்டிய வகையா, காத்திருக்க இடமுள்ள வகையா? காத்திருந்தால் எந்த அறிகுறி கண்டதும் திறப்பீர்கள்? திறந்தால் உயிர் மிஞ்சும் வாய்ப்பு என்ன. மிஞ்சியவர்கள் எப்படி இருக்கிறார்கள்? ஓராண்டு கழித்து அவர் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது? முதல் கேள்விக்கு 'உடனே' என்று விடை வந்தால் மற்ற மூன்றையும் கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம், கையெழுத்திடுங்கள். மற்ற நிலைகளில், மருத்துவர்கள் இக்கேள்விகளுக்குச் சினப்படுவதில்லை. கேட்பாரில்லாமல்தான் சொல்லாமல் இருக்கிறார்கள்.

ஐந்தாவது கேள்வியை மருத்துவரிடம் கேட்க முடியாது. வீட்டில், எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு மாலையில், ஒருவரையொருவர் கேட்டுவைக்க வேண்டியது அது. உனக்கு எது இருந்தால் போதும்? எங்கள் வீட்டில் சென்ற பொங்கலன்று கேட்டோம். அம்மா, இது என்ன நல்ல நாளில் கேட்கிற கேள்வியா என்று எழுந்து போய்விட்டார். மாமா நெடுநேரம் யோசித்தார். சொல்லைத் தேடுகிறார் என்று நாங்கள் காத்திருந்தோம். கடைசியில், "நாலு பேரு" என்றார்.